சித்திரபுரத்துக் காலி ஸ்பூல்

அத்தியாயம் 5

மூணாறில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: கீழே இறங்குகிற பஸ். தேயிலைப் பெட்டித் திருட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கி, காப்பி கொடுத்து, போய் வாருங்கள் என்றும் சொல்லியாயிற்று. இரண்டு கம்பளி போர்த்தியும் என் பற்கள் தாளம் போடுவதை நிறுத்தவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் மாமாவும் லாட்ஜ் படி இறங்கினால், கடைசிப் படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை செம்மண். எங்களைப் பார்த்ததும் எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"துப்பறியுற அய்யா நீங்கதானே?" என்று என்னிடம் கேட்டான்.

என் முகத்தில் அப்படியொரு களை. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து மாமா முன்னால் வந்துவிட்டார். மாமா என்றால் துப்பறியும் ஈஸ்வரமூர்த்தி. எலப்புள்ளியில் நெல்வயலும் கடலைக்காடும் இருக்க, அதையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரார் வீட்டுத் திருட்டைத் தேடி அலைகிறவர். என் அக்காளைக் கட்டியவர். நான் சென்னியப்பன், அவருக்கு உதவியாள். கல்யாணத்தில் வந்த சீர்வரிசையில் உபயோகமில்லாமல் போனது நான் ஒருவன்தான் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

"என்னுங்க தொலைஞ்சு போச்சு?" என்றார் மாமா.

"எம் பொண்டாட்டி கொரலுய்யா."

பொண்டாட்டி குரல் தொலைந்தால் எங்கள் ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, அவன் முந்திக்கொண்டான்.

"அவ செத்து நாலு மாசமாச்சு."

வாயை மூடிக்கொண்டேன். மாமா என் தோளிலிருந்த பையை வாங்கிப் படியில் வைத்தார். அந்தப் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அவன் பெயர் சுடலை. சித்திரபுரத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவன். மனைவி மாரித்தாய் கொழுந்து எடுத்தவள். நன்றாகப் பாடுவாளாம். சித்திரபுரத்தில் கரண்ட் போர்டு குவார்ட்டர்ஸில் சங்கையா என்று ஒரு பவர் ஹவுஸ் ஆபரேட்டர். ஊருக்குக் கப்பலேறிப் போன துரை விட்டுச் சென்ற ஜெர்மன் டேப் ரிக்கார்டரை வாங்கி, வீட்டுப் பின்னறையில் தன் கையாலேயே ஒரு ரிக்கார்டிங் ஸ்டூடியோ கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் சுற்று வட்டாரத்து எஸ்டேட் பிள்ளைகள் அங்கே கூடிவிடுவார்கள். சினிமாப் பாட்டுக்கு அங்கே வேலை இல்லை. சொந்தமாகக் கட்டி, சொந்தமாக மெட்டுப் போட்டு, பாடி டேப்பில் ஏற்றுவார்கள். டீக்கடை, கல்யாண வீடு, கோயில் கொடை என்று அந்த ஸ்பூல்கள் மலை முழுக்கச் சுற்றும். மாரித்தாய் பாடிய பாட்டெல்லாம் ஒரே ஸ்பூலில் இருந்தது. அந்த ஸ்பூலைத்தான் காணோம்.

"ஒரு தடவ கேட்டாப் போதும்யா" என்றான் சுடலை. "அவ பாடி நான் கேட்டதே இல்ல."

"பொண்டாட்டி பாடிக் கேக்காத புருசனுங்களா?" என்றேன் நான்.

"பொம்பள மைக்குல பாடுறது எனக்குப் பிடிக்கல. அவ ஸ்டூடியோவுக்குக் கெளம்புனா நான் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கிடுவேன். வீட்டுல முணுமுணுத்தாக்கூட ஏசுவேன். ஒரு நா அங்க போயிட்டுத் திரும்பி வாரா, நல்ல மழ. மேட்டு மண்ணு சரிஞ்சு..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போன மாசம் மனசத் தேத்திக்கிட்டு சங்கையா அண்ணாச்சிகிட்டப் போயிக் கேட்டேன். ஸ்பூலக் காணோம், எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்கிறாரு. சாந்தன்பாறையில மொக்கையன்னு மைக் செட்டுக்காரன். அந்தப் பாட்டக் குடு குடுன்னு அவன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தான்."

கம்பெனி ஜீப்பை மாமா இன்னும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினார்.

சங்கையாவின் ஸ்டூடியோவைப் பார்த்ததும் எனக்குக் குளிர் விட்டுப்போனது. சுவர் நாலிலும் எஸ்டேட் கம்பளியை மடித்து ஆணியடித்திருந்தார். கூரைக்குக் கீழே சாக்கு. சாக்குக்குள் தேயிலைத் தூசி. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு கண்ணாடி. மூலையில் டோலக், ஆர்மோனியம், நரம்பறுந்த புல்புல்தாரா. எங்கே மூச்சு விட்டாலும் தேயிலை வாசம்.

"ஏனுங்க மாமா, இந்த ரூம்ல வெந்நி ஊத்துனா மொத்தமும் டீயாயிரும் போலிருக்குதுங்க" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. சங்கையாவும் சிரிக்கவில்லை. ஐம்பது வயது மனுஷர், ஒல்லி, கண்கள் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன. சுடலை உள்ளே வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னாலும் இந்தப் படியைத் தாண்டியதில்லை, இப்போதும் தாண்டமாட்டான் போலிருக்கிறது. வெளியே தூறலில் நின்றுகொண்டிருந்தான்.

நடு மேசையில் அந்த ஜெர்மன் மிஷின். அதில் ஒரு ஸ்பூல் மாட்டி, நாடாவைக் கோத்து, ஓடுவதற்குத் தயாராக இருந்தது. ஸ்பூலின் மேல் மஞ்சள் பூச்சு. சங்கதி தெரியாமல் நான் விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க! அது கேத ஸ்பூலு."

"கேத ஸ்பூலுங்களா?"

சங்கையா விளக்கினார். இங்கே ஒரு வீட்டில் கேதம் விழுந்தால், அதாவது சாவு விழுந்தால், உறவுக்காரர்கள் சங்கரன்கோவிலிலும் கழுகுமலையிலும் இருப்பார்கள். மழைக்காலத்தில் மலை ரோடு அறுந்துகிடக்கும். பிணம் காத்திருக்காது. அதனால் பெண்கள் அழுகிற ஒப்பாரியை டேப்பில் எடுத்து, ரோடு திறந்ததும் கீழே அனுப்பிவிடுவார்கள். வரமுடியாதவர்கள் அங்கே மைக் செட்டில் போட்டுக் கேட்டு, கூடவே அழுது தீர்த்துக்கொள்வார்கள். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லையே; அதற்காகக் காலி ஸ்பூல் ஒன்று எப்போதும் மிஷினில் மாட்டியபடியே இருக்கும். வேறு பாட்டு எடுக்க வேண்டுமென்றால் இதைக் கழற்றி வைப்பார், எடுத்து முடித்த கையோடு இதையே திரும்ப மாட்டிவிடுவார். ராத்திரியோ பகலோ, எந்தக் கேத வீட்டுக்காரனும் அவரைக் கேட்காமலேயே வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

"இந்த மாதிரி எத்தன ஸ்பூலு வச்சிருக்கீங்க?" என்றார் மாமா.

"ஒண்ணே ஒண்ணுதான்யா. போன எடத்துல பதினாறு கழிஞ்சதும் மஞ்சத் தடவித் திருப்பி அனுப்பிருவாக. அழிச்சிட்டு மறுபடி மாட்டிருவேன்."

மாமா அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலுக்குப் போய்ச் சுடலையிடம் கேட்டார்.

"உங்க சம்சாரம் கேதத்தையும் எடுத்தீங்களா?"

"எடுத்தோம்யா. சாந்தன்பாறையில அவ அக்கா முத்துப்பேச்சி புள்ளப் பெத்துக் கெடந்தாக. ரோடும் இல்ல. ஸ்பூலு மட்டும் போச்சு. மதினி அதத் திருப்பி அனுப்பல. தங்கச்சி ஞாபகமா நானே வச்சுக்கிடுதேன்னுட்டாக."

மாமா திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கோழி திருடியவனைக் கண்டுபிடித்தால்கூட அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இன்றைக்கு அது வரவில்லை.

"சாந்தன்பாறைக்குப் போய் அந்த மொக்கையனைப் பார்க்கிறோம்" என்றார் சங்கையாவிடம்.

"வேண்டாம்யா. மொக்கையன் எடுக்கல."

"எடுத்தது யாருன்னு தெரியாதுன்னு சொன்னீங்களாமே. எடுக்காதது யாருன்னு மட்டும் எப்படிங்க தெரியுது?"

சங்கையா கம்பளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஜீப்பில் ஏறும்போது பின்னாலேயே ஓடி வந்து, சுடலைக்குக் கேட்காதபடி, மாமாவின் காதோடு சொன்னார்.

"நீங்க போங்க, எங்கயும் போங்க. சுடலையக் கூட்டிட்டுப் போகாதீங்க. கையெடுத்துக் கும்புடுதேன்."

நிஜமாகவே கும்பிட்டார். எனக்கு அப்போதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இப்படிக் கும்பிடுகிறவன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் பன்னிரண்டாவது வயதிலிருந்து நான் கடைப்பிடிக்கிற கொள்கை.

பூப்பாறையில் டீ குடிக்க இறங்கினோம். டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டேப் ரிக்கார்டரில் சித்திரபுரத்துப் பிள்ளைகளின் பாட்டு ஓடியது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, நேரமாச்சு என்று மனைவி எழுப்ப, கனவிலேயே கவாத்து வெட்டிவிட்டேன் என்று புருஷன் பாடுகிறான். டீ ஆற்றுகிறவன் அந்தத் தாளத்துக்கே ஆற்றினான். சுடலை ஜீப்பை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, எனக்குப் புரிஞ்சு போச்சுங்க" என்றேன்.

"சொல்லு, கேட்டுட்டு அப்புறம் நான் அழறேன்."

"கேத ஸ்பூலு ஒண்ணே ஒண்ணுங்க. மாரித்தாயோட கேதத்த எடுத்த ஸ்பூலு சாந்தன்பாறையில இருக்குது, திரும்பி வரவே இல்ல. அப்புறம் எப்படிங்க மஞ்சப் பூசுன ஸ்பூலு மிஷின்ல உக்காந்திருக்குது? அப்ப அன்னிக்கு ஒப்பாரி எடுத்தது கேத ஸ்பூல்ல இல்லீங்க. வேற ஒண்ணுல."

"வேற எதுல?"

"காணாமப் போன ஸ்பூலு எதுங்களோ அதுல." டீக் கிளாஸைக் கீழே வைத்தேன். "அந்தப் புள்ளையோட பாட்டு மேலயே அந்தப் புள்ளையோட சாவ எடுத்துப் போட்டிருக்காங்க. பழைய பாட்டு அழிஞ்சிருக்குமில்லீங்க? சங்கையா கையில நடந்த தப்புங்க. வெளிய சொல்ல முடியாம திருட்டுப் போச்சுன்னு சொல்லிட்டாரு. அதுக்குத்தான் அந்தக் கும்பிடு."

"நெம்ப நல்லா யோசிச்சிருக்கறே, மாப்ள" என்றார் மாமா. இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்க விடாமல் எழுந்து ஜீப் பக்கம் போனார். நானும் போனேன்.

"ஏனுங்க சுடலை, கேதத்தன்னிக்கு சங்கையா வந்திருந்தாருங்களா?" என்று கேட்டார் மாமா.

"இல்லய்யா. அன்னிக்கு ஆத்துல வெள்ளம். மாரித்தாய் பாடிட்டு எறங்கிருக்கா, பவர் ஹவுசுலருந்து ஆளு வந்து அண்ணாச்சிய அப்படியே கூட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு நாளா வெளிய விடல. குழிக்கு ஒரு பிடி மண்ணுகூடப் போடலியேன்னு இன்னைக்கும் சொல்லி அழுவாரு."

மாமா கையிலிருந்த டீயைக் குடிக்காமலேயே கீழே ஊற்றினார். எங்கள் அக்காள் வீட்டில் டீயைக் கீழே ஊற்றினால் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இருக்காது.

"நீங்க இங்கயே இருங்க. நாங்க போய் விசாரிச்சுட்டு வந்தர்றோம்" என்றார்.

"நானும் வாரேன்யா."

"வேண்டாமுங்க. நான் சொல்றதக் கேளுங்க."

"அங்க அவ பாட்டு இருந்து நான் இல்லாமப் போயிறக் கூடாதுய்யா" என்றான் சுடலை. "இதுக்கு முந்தியும் அப்படித்தானே இருந்துட்டேன்."

மாமா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஜீப் கிளம்பியது. வழியெல்லாம் நான் சங்கையாவின் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளத்தன்று அவர் பவர் ஹவுசில் இருந்தார் என்பதைக் காதால் கேட்டும் என் மண்டையில் அது ஏறவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற திமிரில் மனுஷனுக்குக் காது அடைத்துவிடும்.

மொக்கையனின் கடை சாந்தன்பாறைக் கடைத்தெருவின் கோடியில். வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் வாய் திறந்து அடுக்கிக் கிடந்தன. ஆள் தாட்டியானவன். எங்களைப் பார்த்ததும் கோயில் கொடைக்குத்தான் செட்டு கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து நாற்காலி போட்டான்.

"மாரித்தாய் ஸ்பூலா? கேட்டேன், இல்லேன்னு சொல்லல" என்றான். "சினிமாப் பாட்டு போட்டா சனம் எந்திரிச்சுப் போகுது. எங்க மலைப் புள்ளைக பாட்டப் போடுன்னு கேக்குது. சங்கையா அண்ணாச்சி தரல. அதுக்குன்னு எடுப்பேனா? கேத ஸ்பூலு இங்கதான் இருக்கு, அது வேணா பாருங்க. பக்கத்து ஏலத்தோட்டத்துல முத்துப்பேச்சிகிட்ட."

மொக்கையன் ஆள் அனுப்ப, முத்துப்பேச்சி இடுப்பில் நாலு மாதக் குழந்தையும் கையில் ஒரு தகர டப்பாவுமாக வந்தாள். சுடலையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கல்லில் அடித்துச் செய்த மாதிரி உறுதியான முகம், ஆனால் கண் அப்படி இல்லை.

"இத எதுக்குக் கேக்காக?" என்றாள். "நான் குடுக்க மாட்டேன். எந்தங்கச்சி சாவுக்கு நான் போகல. இதுல கேட்டுத்தான் அழுதேன்."

"வாங்கிட்டுப் போக வரல தாயி. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுத் தந்தர்றோம்" என்றார் மாமா. சுடலையின் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளிய..." என்று ஆரம்பித்தார்.

சுடலை அசையவில்லை.

மொக்கையன் ஸ்பூலை மாட்டி நாடாவைக் கோத்தான். அதில் மஞ்சள் இல்லை. கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு ஒரு பெண் குரல், தாளம் கூட இல்லாமல், அப்படியே காதுக்குப் பக்கத்தில் வந்து எடுத்தது.

*ஏழாம் நம்பர் காட்டுக்குள்ள*
*எடைக்குப் போகாக் கொழுந்து நான்...*

சுடலை துள்ளி எழுந்தான். "மாரித்தாய்!"

அவ்வளவுதான். டக் என்றது. பாட்டு போய்விட்டது. மழைச் சத்தம் வந்தது. மழைக்குள்ளே கும்பலாகப் பெண்கள் அழுகிற சத்தம். மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு ஆண் குரல், உடைந்து போய், மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

"ஓடுதா... ஏ, ஓடுதா இது? சக்கரம் சுத்துது. ஓடுது, ஓடுது. எல்லாரும் அழுங்க. மதினிக்குக் கேக்கணும். நல்லாச் சத்தமா அழுங்க..."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது. சங்கையாவின் மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாமாவின் மேல் கோபம் வந்தது. இவருக்குப் பூப்பாறையிலேயே தெரிந்துவிட்டது. ஜீப்பைத் திருப்பியிருக்கலாம்.

"நான்தான் போயி எடுத்துட்டு வந்தேன்" என்றான் சுடலை. யாரிடமும் இல்லை, அந்த மிஷினிடம் சொன்னான். "வீட்டுல யாரும் இல்ல, கதவு தெறந்து கெடந்துச்சு. மிஷினுல ஸ்பூலு மாட்டி இருந்துச்சு. கேத ஸ்பூலுதானே எப்பவும் மாட்டி இருக்கும்... அப்படியே தூக்கிட்டு வந்து, பெரட்டுக் கொட்டகையில வச்சு, செவப்புப் பொத்தான..."

"உங்க மேல தப்பில்லீங்க" என்றார் மாமா. "அந்தப் புள்ள பாடி முடிச்சதும் சங்கையா நாடாவ ஆரம்பத்துக்குக் கிட்ட வரைக்கும் பின்னால சுத்தி வச்சிருக்காரு. அதக் கழத்திட்டுக் கேத ஸ்பூல மாட்டறதுக்குள்ள பவர் ஹவுஸ் ஆளு வந்துட்டான். வெள்ளம், ஓடிட்டாரு. திரும்பி வந்து பாத்தா, மஞ்சப் பூசுன ஸ்பூலு வச்ச எடத்துலயே இருக்குது, மாரித்தாய் ஸ்பூலு இல்ல. அவருக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? திருட்டுப் போச்சுன்னு சொன்னாருங்க. உங்களுக்குத் தெரியவேண்டாமுன்னு தன் தலையிலயே போட்டுக்கிட்டாரு."

சுடலை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் முத்துப்பேச்சி. "மொதல்ல அவ கொரலு வந்துச்சா, பொறவு ஒப்பாரி வந்துச்சா... வேணும்னுதான் அப்படி எடுத்திருக்காகன்னு நெனச்சேன். எம்புட்டு அழகா யோசிச்சு எடுத்திருக்காகன்னு நெனச்சேனே."

அவள் அழுததில் குழந்தையும் அழுதது. டேப்பில் அழுதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க மாமா. கண்டுபிடிச்சாச்சில்லீங்க? போதுமுங்க."

மொக்கையன் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான். மாமா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்தாதீங்க. இந்தச் சக்கரத்தப் பாருங்க, இன்னும் ஒரு விரலகலம் நாடா இருக்குது. தாயி, நீங்க இதுவரைக்கும் முழுசாக் கேட்டதுண்டுங்களா?"

"அழுக முடிஞ்சா வெறும் மழதான் பெய்யும். அதோட நிறுத்திருவோம்."

"இன்னிக்கு ஓடட்டும்."

ஒப்பாரி ஓய்ந்தது. ஆட்கள் நகரும் சத்தம், எங்கோ தூரத்தில் சேகண்டி. பிறகு வெறும் மழை. பிணத்தோடு எல்லாரும் போன பிறகும், நிறுத்த மறந்த மிஷின் மழையை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாமா சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது என்பது அவர் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. சாமி கும்பிடும்போதுகூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மறுபடியும் டக் என்றது. மழை நின்றுவிட்டது. தேயிலைத் தூசியும் கம்பளியும் சுற்றி அடைத்த அந்த அறையின் அமைதி வந்தது.

"...நல்லாவே வரல அண்ணாச்சி. தொண்ட கட்டிருக்கு." அதே குரல். பாட்டில்லை, பேச்சு.

"நல்லாத்தான் இருக்கு தாயி." இது சங்கையா.

"இல்ல, இல்ல. இத அழிச்சிருங்க. ஞாயித்துக்கெழம வந்து புதுசாப் பாடுதேன். அவுகளையும் கூட்டியாறேன். அவுக எதுத்தாப்புல உக்காந்திருந்தா எனக்கு நல்லா வரும்."

"சுடலையா? அவன் எங்க வரப்போறான்."

"வருவாக." ஒரு சின்னச் சிரிப்பு. "நான் இதுவரைக்கும் வாங்கன்னு கூப்புடலையே அண்ணாச்சி, அதான் வரல. கூப்புட்டா வருவாக."

நாடா தீர்ந்துபோய், அதன் நுனி சட் சட்டென்று சக்கரத்தில் அடித்துக்கொண்டு சுற்றியது. மொக்கையன் அதை நிறுத்த மறந்துவிட்டான்.

இருபத்தைந்து வயதில் எனக்கு எதற்கும் ஒரு நக்கல் வாயில் தயாராக இருக்கும். எங்கள் பாட்டனார் சாவிலேயே நாலு பேரைச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மாமா பார்த்தால் பார்க்கட்டும் என்று.

சுடலை தலையைத் தூக்கினான்.

"போயிருக்க மாட்டேன் மதினி" என்றான். "கூப்புட்டா வருவாகன்னு சொல்லுதா. சத்தியமாச் சொல்லுதேன், கூப்புட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். வள்ளுன்னு விழுந்திருப்பேன்."

"தெரியும்" என்றாள் முத்துப்பேச்சி. "அவளுக்கும் தெரியும். வெளியாளுகிட்ட உன்ன விட்டுக்குடுக்காம சொல்லுதா, பாரு."

அதைக் கேட்டுத்தான் அவன் வாய்விட்டு அழுதான். நாலு மாதத்து அழுகை. மாமா அவன் பக்கத்தில் போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கடைத்தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். முத்துப்பேச்சி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, தகர டப்பாவைத் துடைத்து, சுடலையின் மடியில் வைத்தாள்.

"நீ கொண்டுபோ" என்றாள்.

அவன் அதைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்தான். "உங்க தங்கச்சி கேதம் மதினி. உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னும் ஒரே ஒரு தடவ மட்டும்."

மொக்கையன் நாடாவைப் பின்னால் சுற்ற ஆரம்பித்தான். அவள் பேச்சு தொடங்குகிற இடம் வந்ததும் நிறுத்தினான். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு சுடலையைப் பார்த்தான்.

சுடலை முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தான். எழுந்து போய், மிஷினுக்கு எதிர்த்தாற்போல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இப்பப் போடு" என்றான்.